அக்கா படித்த அவல நாடகம்

அக்கா நம்மை விட்டுப் போய் இந்தப் பங்குனியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ள வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவிடம் படித்தவர்களுக்கும், பெரம்பலூர் நண்பர்களுக்கும் உடன்பிறந்தவன் என்ற முறையில் என் வணக்கம். மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டு வந்த என் மகள், "குணநலன்களை எழுதி ரெண்டு பக்கத்துல முடிச்சிடுங்கப்பா" என்றாள். இரண்டு பக்கத்தில் முடிகிற ஆளா அக்கா? பழைய ஆட்களில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். எனக்குத் தெரிந்ததை நான் எழுதாமல் விட்டால் அது என்னோடு போய்விடும். ஆகையால் சற்று நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் நஞ்சையும் முந்திரிக் கொல்லையும் இருந்தன. கையில் ரொக்கம் இருக்காது. வந்தவர்களுக்குச் சோறு இருக்கும். மூத்தவர் அக்கா, அடுத்தவன் நான். எங்களுக்குப் பின் பிறந்தவர்கள் தங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அக்கா கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினார். நான் கெட்டிக்காரியின் தம்பி என்று பெயர் வாங்கினேன்.

அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே உடையார்பாளையம் பக்கம் நல்ல குடும்பத்தில் அக்காவைக் கொடுத்தார்கள். ஆண்டு திரும்புவதற்குள் மாப்பிள்ளை விஷக்காய்ச்சலில் போய்விட்டார். பெண்ணின் ராசி அப்படி என்று அந்த வீட்டில் பேசினார்கள். அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். வந்த பிறகு ஒரு பழக்கம் அவரிடம் ஒட்டிக்கொண்டது. அப்பா வண்டி பூட்டும் சத்தம் கேட்டால் உள் அறைக்குப் போய்விடுவார். கைம்பெண் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்பது ஊர் நம்பிக்கை. வீட்டில் யாரும் அக்காவிடம் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. யாரும் சொல்வதற்கு முன்பே அவர் ஒதுங்கிக்கொள்வார்.

ஒருநாள் ஜெயங்கொண்டம் சந்தைக்குக் கிளம்பிய அப்பா, துண்டை மறந்துவிட்டுத் திரும்பி உள்ளே வந்திருக்கிறார். நெல் குதிருக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி அக்கா நின்றிருக்கிறார். அப்பா அன்று சந்தைக்குப் போகவில்லை. மறுமாதமே அக்காவைத் திருச்சிக்கு அழைத்துப் போய், பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்த்து, விடுதியிலும் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். ஊர் வாயை மூட அவரால் முடியவில்லை. மகளை அந்த வாயிலிருந்து அப்புறப்படுத்த முடிந்தது. அப்பாவைப் பற்றி எனக்கு எத்தனையோ மனக்குறை உண்டு, ஆனால் இந்த ஒன்றுக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் முடித்து அக்கா அரியலூரில் பெண்கள் ஆரம்பப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். நானும் அதே ஊரில் இன்னொரு பள்ளியில் வாத்தியார் வேலையில் இருந்தேன். ரயிலடிக்குப் போகும் தெருவில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து இருவரும் குடியிருந்தோம். அம்மா அவ்வப்போது அரிசி மூட்டையோடு வந்து, எங்கள் சமையலைக் குறை சொல்லிவிட்டுப் போவார்.

நாற்பதுகளின் நடுப்பகுதி. உலகப் போர் இன்னும் ஓயவில்லை. மண்ணெண்ணெய்க்குப் பங்கீடு, காகிதத்துக்குப் பஞ்சம், ரயில்களையும் குறைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆனால் அக்கா எங்கே இருப்பது என்ற கேள்வி வந்தது. புதுப்பெண் வந்து வாழும் வீட்டில் கைம்பெண் இருக்கக் கூடாது என்று சம்பந்தம் பேச வந்தவர்கள் எல்லோரும் நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பாவும் முடிவுக்கு வந்துவிட்டார். அந்தக் காலத்தில் பெண்பிள்ளை தனியாக வீடெடுத்துத் தங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அக்காவுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. பெரம்பலூரில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை, பி.ஏ.வுக்கு முந்திய இண்டர்மீடியட் தேர்வில் தேறி வந்தால் வேலையும் கொடுத்து, பள்ளி விடுதியிலேயே தங்க ஓர் அறையும் தருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா அப்பாவிடம் போய் நின்றார். அப்பா, ஒரே ஒரு தடவை எழுதிப் பார் என்றார். தேறினால் பெரம்பலூர், தேறாவிட்டால் கிராமம். கிராமம் என்றால் அந்தக் குதிரும் அந்தச் சுவரும்தான். இது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

வேலை பார்க்கும் ஆசிரியர்கள் கல்லூரிக்குப் போகாமலே அந்தத் தேர்வை எழுதலாம். அரியலூரில் அப்படி எழுத நினைத்தவர்கள் சிலர் சேர்ந்து சனி, ஞாயிறுகளில் ஓர் ஆரம்பப் பள்ளி அறையில் கூடுவோம். உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர் ஒருவர் சம்பளம் வாங்காமல் வந்து பாடம் நடத்தினார். அவரைச் சார் என்றே கூப்பிட்டுப் பழகியதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டைப் பலகையில் மீசை வைத்த ஆசாமிகள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பார்த்துத் தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். வகுப்பில் அக்கா ஒருவர்தான் பெண். வாசல் ஓரத்தில் அவருக்குத் தனிப் பலகை.

எங்களில் வயதில் மூத்தவர் கலியபெருமாள் வாத்தியார். சொந்த ஊர் திருமழபாடி. நல்ல மனிதர், ஆனால் பல்லி கத்தினால்கூட நின்று யோசிப்பவர். அக்கா அவர் மனதைப் புரிந்துகொண்டு, எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகே வகுப்புக்கு வருவார், எல்லோரும் போன பிறகே எழுந்திருப்பார். யாருக்கும் எதிரே வந்துவிடக் கூடாது என்பதில் அத்தனை எச்சரிக்கை. எனக்கு எரிச்சலாக வரும். வீட்டில் சண்டை போடுவேன். அவர் விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

பாடத்தில் இருந்தது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய ஓர் ஆங்கில அவல நாடகம். சார் அதோடு நிறுத்த மாட்டார். கிரேக்க நாட்டுக்காரர்கள் அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த வகை நாடகத்தை எப்படிக் கட்டினார்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவார். பழைய நாடகத்தில் சாபமும் தெய்வக் குற்றமும் ஒரு குடும்பத்தைத் துரத்தும். பிந்தைய நாடகத்தில் மனிதன் தன் குணத்தாலேயே கெடுவான். இதுதான் அவர் சொன்ன சுருக்கம். காகிதப் பஞ்சத்தில் புத்தகம் எங்களுக்கு ஒரே பிரதிதான் கிடைத்தது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்போம். பெண் பாத்திரத்தின் வசனங்களை முதலில் கலியபெருமாள் வாத்தியார்தான் தன் கட்டைக் குரலில் வாசித்தார். சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, புத்தகத்தை டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். அன்றிலிருந்து அக்கா வாசித்தார். ராகம் போடாமல், எதிரில் இருப்பவரிடம் பேசுவது போல வாசிப்பார்.

நாடகம் இறுதியில் சாவில் முடிந்தது. கலியபெருமாள் வாத்தியாரால் அதைத் தாங்க முடியவில்லை. எங்கள் பக்கம் கோயிலில் கதை வாசிப்பவர்கள் சாவோடு ஏட்டை மூட மாட்டார்கள். மேற்கொண்டு ஒரு நல்ல கட்டம் வரைக்கும் வாசித்துவிட்டோ, மங்களம் பாடிவிட்டோதான் எழுந்திருப்பார்கள். அவர் வகுப்பிலும் கையைக் கூப்பி மங்களம் பாட ஆரம்பித்துவிட்டார். பாதி வகுப்பு கூடவே பாடியது. ஆங்கிலப் பிரபு இறந்து கிடக்க, அரியலூரில் நாங்கள் அவருக்கு மங்களம் பாடினோம். சார் தடுக்கவில்லை. பாட்டு முடியும் வரை காத்திருந்துவிட்டு, இவன் ஏன் இப்படி அழிந்தான், சொல்லுங்கள் என்று கேட்டார்.

கதை இதுதான். ஒரு பிரபு தன் உயிர் நண்பனைச் சந்தேகிக்கிறான். நேரே போய் ஒரு வார்த்தை கேட்டால் தெளிந்துவிடும். கேட்டால் நண்பன் மனம் புண்படுமே என்று கேட்காமலே இருக்கிறான். மனதுக்குள்ளேயே தீர்ப்பு எழுதிவிடுகிறான். நண்பனும் இவன் முகம் மாறியதைக் கண்டு, கேட்டால் கோபிப்பானோ என்று ஒதுங்குகிறான். கடைசியில் இருவரும் மடிகிறார்கள்.

"எல்லாம் விதிங்க சார்" என்றார் கலியபெருமாள் வாத்தியார். மற்றவர்களும் தலையாட்டினோம். அதுவரை வகுப்பில் தானாக வாய் திறக்காத அக்கா அன்று திறந்தார்.

"விதின்னா கடைசி அங்கம் மட்டும் போதுமே சார். மூணாவது அங்கத்துல ரெண்டு பேரும் ஒரே கூடத்துல நிக்கறாங்க. கேட்டிருக்கலாம். கேக்க வுடாம யாரும் வாயப் பொத்தலியே."

 கலியபெருமாள் வாத்தியார் வீட்டிலும் புருஷனை இழந்த மகள் ஒருத்தி இருந்தாள் என்பதும், காலையில் அவர் பள்ளிக்குக் கிளம்பும்போது அவளைக் கொல்லைப்பக்கம் போகச் சொல்வார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அன்று வகுப்பு முடிந்து மற்றவர்கள் எழுந்த பிறகும் அவர் உட்கார்ந்தே இருந்தார். அதனால் அக்காவாலும் எழுந்திருக்க முடியவில்லை. கடைசியில் சார்தான் இருவரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

தேர்வு திருச்சியில். முதல் நாள் காலை ரயிலில் போய்த் தங்கி மறுநாள் எழுத வேண்டும். அந்த வண்டியை விட்டால் மறுநாள்தான் அடுத்தது. அது போய்ச் சேர்வதற்குள் ஆங்கிலத் தாள் முடிந்துவிடும். எல்லோரும் விடிந்ததும் பள்ளிக்கு வந்துவிட வேண்டும், சேர்ந்தே ரயிலடிக்குப் போகலாம் என்று சார் சொல்லியிருந்தார். போர்க்காலத்தில் டிக்கெட்டுக்குக் கூட்டம் நிற்குமே என்று அந்த வேலையை என்னிடம் விட்டார்கள். ஆகையால் நான் மட்டும் நேரே ரயிலடிக்குப் போவதாக ஏற்பாடு.

காலையில் நான் கிளம்பும்போது அக்கா சொன்னார், தான் பள்ளிக்குப் போகப் போவதில்லையாம். அவர்கள் எல்லோரும் எங்கள் தெரு வழியாகத்தான் ரயிலடிக்குப் போக வேண்டும். அவர்கள் கடந்து போனதும் பின்னாலேயே வந்துவிடுவாராம். நான் கத்தினேன். வகுப்புக்கு வருவது வேறு, பரீட்சைக்குக் கிளம்புவது வேறு என்றார். "நான் எதிர்ல வந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கடா. ஆனா பரீட்சையில ஒரு கேள்வி தெரியாமப் போனா என்னைத்தான் நெனப்பாங்க. அந்த உறுத்தலோட அவங்க எழுத வேணாம். நீ போ." நேரமாகிவிட்டது. நான் போனேன்.

அடுத்து நடந்ததை இரு தரப்பிலும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

பள்ளியில் கலியபெருமாள் வாத்தியார் ஒரு பித்தளைக் குடம் நிறையத் தண்ணீரோடு வந்து நின்றிருக்கிறார். சுமங்கலி நிறைகுடத்தோடு எதிரே வந்தால் போகிற காரியம் ஜெயம் என்பார்கள். அவர் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார்: "இன்னிக்கு டீச்சர் கையில இந்தக் குடத்தக் குடுத்து, எதிர்க்க வரச் சொல்லப் போறேன். அவங்க வந்தாத்தான் நான் வாசப்படி தாண்டுவேன்." பல்லிக்கு பயப்படுகிற மனிதர் சொன்ன வார்த்தை இது. சாருக்குக் கண் கலங்கிவிட்டதாம். எல்லோரும் வரிசையாக நின்று காத்திருந்தார்கள். டீச்சர் எப்போதும் கடைசியில்தானே வருவார் என்று முதலில் யாரும் கவலைப்படவில்லை.

அதே நேரம் எங்கள் வீட்டில் அக்கா, பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, தெருவில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று நின்றிருக்கிறார். திறந்து எட்டிப் பார்க்க பயம். பார்க்கிற அந்த நேரத்தில் அவர்கள் எதிரே வந்துவிட்டால்?

நேரம் ஆக ஆக, யாராவது போய்க் கூப்பிடலாமா என்று பள்ளியில் பேச்சு எழுந்திருக்கிறது. தம்பி வீட்டில் இல்லை, பெண்பிள்ளை தனியாக இருக்கிற வீட்டுக் கதவை விடிந்ததும் விடியாததுமாக ஆண்பிள்ளை போய்த் தட்டுவதா என்று ஒருவர் தயங்கினார். கூப்பிட்டு அழைத்து வந்தால் அது தானாக வந்த சகுனம் ஆகுமா என்று கலியபெருமாள் வாத்தியார் தயங்கினார். அக்கா மனம் நோகக் கூடாது என்று அவர்கள் அங்கே நின்றார்கள். அவர்கள் மனம் உறுத்தக் கூடாது என்று அக்கா இங்கே நின்றார்.

ரயிலடியில் நான் எல்லோருக்குமான டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வந்தது, நின்றது, தண்ணீர் பிடித்தது, ஊதியது, போயேவிட்டது. எங்கள் கூட்டத்தில் ஒரு குருவிகூட வரவில்லை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஓடி வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா திறந்து, "இன்னும் அவங்க போவலியேடா" என்றார். ரயில் ஊதிய சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. அவர்கள் வேறு தெரு வழியாகப் போய்விட்டார்களோ, தன்னைத்தான் விட்டுவிட்டார்களோ என்று முகம் வெளுத்து நின்றார். இருவரும் பள்ளிக்குப் போனோம். வாசலில் மொத்தக் கூட்டமும் நிற்கிறது. நடுவில் குடத்தோடு கலியபெருமாள் வாத்தியார்.

வாத்தியார்கள் என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன். வயதுக்கு மரியாதை இல்லாமல் பேசினேன்.  சார்தான் குடத்தின் காரணத்தைச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தவர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை இறந்தபோது அவர் அழுததைப் பார்த்திருக்கிறேன். இது அந்த அழுகை இல்லை. நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த ஆண்டுத் தேர்வு போயிற்று, பெரம்பலூர் போயிற்று, அப்பா கொடுத்த ஒரே தடவையும் போயிற்று என்று என் மனதில் ஓடியது. 

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சாரைப் பார்த்தார்.

"அந்தப் பிரபு கேக்கலன்னு நான் அன்னிக்கு அவ்வளவு பேசினேன் சார். நானும் கேக்கல."

சார், தான் பாடம் நடத்திய லட்சணம் அப்படி என்றார். யாரோ லேசாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்களுக்கு உயிர் கொடுத்தது. திருச்சிக்கு வேறு வழி இருக்கிறதா என்று அக்காதான் கேட்டார். கலியபெருமாள் வாத்தியார் குடத்தைக் கீழே வைத்தார். திருமழபாடி வரைக்கும் மாட்டு வண்டி, அங்கே கொள்ளிடத்தை நடந்து கடந்தால் அக்கரையில் திருக்காட்டுப்பள்ளி, அங்கிருந்து மறுபடி வண்டி பிடித்துப் பூதலூர் போனால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வரும் ரயில் ராத்திரிக்குள் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். அது அவர் ஊர் வழி. வண்டியும் அவரே பேசி அமர்த்தினார்.

வண்டிகள் வந்து நின்றபோது அவருக்குக் குடத்தின் நினைவு வந்துவிட்டது. அதை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "இப்பவாச்சும் எதிர்க்க வாங்க டீச்சர்" என்றார். கெஞ்சுவது போல இருந்தது. அக்கா குடத்தை வாங்கவில்லை.

"வேணாங்க. நான் எதிர்ல வந்தா நல்லதுன்னு ஆயிட்டா, என்னைக்காச்சும் ஒரு நாள் மறுபடி கெட்டதுன்னும் ஆயிடும். நான் எதிர்ல வரல, உங்க கூட வரேன்."

சொல்லிவிட்டு முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இத்தனை நாள் கழித்தும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. அதில் கோபம் இல்லை.  கலியபெருமாள் வாத்தியார் அந்தத் தண்ணீரை மாடுகளுக்குக் காட்டிவிட்டு, காலிக் குடத்தைப் பள்ளி அறைக்குள் வைத்துப் பூட்டினார்.

வழி நெடுக வண்டியில் பாடம்தான். புழுதி வாய்க்குள் போகப் போகக் கலியபெருமாள் வாத்தியார் கேள்வி கேட்க, அக்கா பதில் சொன்னார். திருமழபாடியில் அவருடைய பூர்வீக வீட்டில் சோறு போட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் ஆற்றில் இறங்கினோம். பங்குனி மாதம், கொள்ளிடம் முழுக்க மணல், நடுவில் முழங்கால் தண்ணீர். மணல் இன்னும் சூடாக இருந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்தோம். அக்கா எங்களுக்கு முன்னும் போகவில்லை, பின்னும் தங்கவில்லை. அது அவருக்குப் புதிது என்பதால் நடை கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருந்தது.

பூதலூரில் ரயில் கிடைத்தது. அக்கா தன் பழைய விடுதியில் தங்கினார், நாங்கள் ஒரு சத்திரத்தில் முடங்கினோம். மறுநாள் ஆங்கிலத் தாளில் அந்த நாடகத்தைப் பற்றியே கேட்டிருந்தார்கள்; நாயகனின் வீழ்ச்சிக்கு விதி காரணமா, அவனே காரணமா என்ற வழக்கமான கேள்வி. என்ன எழுதினாய் என்று அக்காவைக் கேட்டேன். கெட்டவர்கள் கெடுத்தால் அது வெறும் வம்பு. ஒருவருக்கொருவர் நல்லதே நினைத்துக்கொண்டு இரண்டு பேர் கெட்டால் அதுதான் அவலம் என்று எழுதியதாகச் சொன்னார். நான் விதி என்று எழுதியிருந்தேன்.

முடிவு வந்தது. அக்கா தேறினார். நான் தேறவில்லை, கலியபெருமாள் வாத்தியாரும் தேறவில்லை. இதில் எந்தச் சகுனத்துக்கும் பங்கில்லை, நாங்கள் இருவரும் படித்த லட்சணம் அவ்வளவுதான். அவர் அடுத்தடுத்து எழுதித் தேறினார். நான் கணக்கு வாத்தியாராகவே இருந்துவிட்டேன். அந்தக் கோடையிலேயே கலியபெருமாள் வாத்தியார் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்து, ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று அக்காவைக் கேட்டார்.

அதே ஆண்டு என் கல்யாணம் நடந்தது. அக்கா பின்கட்டில் ஒளியவும் இல்லை, முன்னால் வந்து முண்டவும் இல்லை. மாப்பிள்ளை அழைப்பில் என் பக்கத்தில் நடந்து வந்தார். சம்பந்தி வீட்டில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். கலியபெருமாள் வாத்தியார் அவர்களைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்கள். என் மனைவி பிற்காலத்தில், தனக்கு வாய்த்த நாத்தனாரைப் போல வேறு எவளுக்கும் வாய்க்கவில்லை என்று பெருமை பேசுவாள். அக்கா பெரம்பலூருக்குப் போன அன்று அப்பா வண்டி பூட்டினார். அக்காவைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

பிறகு பி.ஏ.வும், ஆசிரியர் பட்டமான எல்.டி.யும் அங்கிருந்தே முடித்தார். ஓய்வு பெறும் வரை பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். பெரிய வகுப்புப் பெண்களை ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அழைத்துப் போய், மதில் மேல் உட்கார வைத்து நாடகம் வாசிக்கச் சொல்வார். சாவில் முடிகிற கட்டம் வந்தால் அவர் மங்களம் பாட விட்டதில்லை. ஆறுதல் சொல்லவும் மாட்டாராம். கொஞ்ச நேரம் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு கட்டுச்சோறு. அக்காவிடம் படித்த பெண்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகும். காபி திக்காக இருக்க வேண்டும். யாராவது மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் விட மாட்டார். என்ன என்று கேட்டே தீருவார். அவரால் எங்கள் குடும்பத்தில் பல சண்டைகள் சீக்கிரமே வந்து சீக்கிரமே தீர்ந்தன.

ஓய்வுக்குப் பின் எங்களோடுதான் இருந்தார். கடைசி ஆண்டுகளில் கண் மங்கிவிட்டது. என் மகள் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். உச்சரிப்பு தவறினால் படுத்தபடியே திருத்துவார். முதுமைத் தளர்ச்சி தவிரப் பெரிய நோவு எதுவும் இல்லை. ஒரு காலையில் காபியைக் குடித்துவிட்டு, கொஞ்சம் கண்ணயர்கிறேன் என்றவர் எழுந்திருக்கவில்லை.

அக்காவின் இறுதிக் காலத்தில் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், மகளைப் போல உடனிருந்து கவனித்துக்கொண்ட செவிலியருக்கும், எங்கெங்கிருந்தோ செய்தி கேட்டு ஓடி வந்த மாணவிகளுக்கும், திருமழபாடியிலிருந்து தள்ளாத வயதிலும் வந்து மாலை போட்ட கலியபெருமாள் வாத்தியாரின் மகளுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். எதிர் வீட்டு லாரி டிரைவர் தம்பி. விடிகாலையில் அக்கா வாசலில் தண்ணீர் தெளிக்கும் நேரமும் அவர் வண்டி எடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும். அக்காவிடம் போய்வருகிறேன் என்று சொல்லாமல் அவர் கிளம்பியதில்லை. அக்காவை எடுத்த அன்று அவருக்குச் சென்னைக்கு லோடு இருந்தது. வண்டி தெருவில் தயாராக நின்றது. எங்கள் உறவில் பெரியவர் ஒருவர் அவருக்கு நல்லதாகவே சொன்னார்: பிணம் எதிரே வந்தால் பயணத்துக்கு நல்ல சகுனம், அதனால் தயங்காமல் கிளம்பு என்று.

"பொணமானப்புறந்தானுங்களா நல்ல சகுனம்?" என்றார் அந்தத் தம்பி. "அவங்க உசுரோட இருக்கறப்பவே நான் அவங்க மொகத்தப் பாத்துட்டுதானுங்களே வண்டி எடுத்தேன். இன்னிக்கு நான் எங்கயும் போவலிங்க."

என்ஜினை அணைத்துவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து அக்காவுக்குத் தோள் கொடுத்தார். அந்தத் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.